மூச்சு வுடாத, லாசரு!

லாசருக்குக் கால் எழவில்லை என்று முத்தம்மா சொன்னதும் தங்கவேல் சிரித்துவிட்டான்.

சிரிக்காமல் என்ன செய்வான்? சாந்தோம் குப்பத்து லாசரின் கால்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு லாசருக்கே தெரியாது. வாலிபம் முழுக்க மயிலாப்பூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கால்களை எதிர்த்துச் சடுகுடு ஆடியவன் தங்கவேல். லாசர் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தான் என்றால், இடுப்பில் ஒருவன், தொடையில் ஒருவன், கணுக்காலில் ஒருவன் என்று தொங்கினாலும் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே தன் பக்கம் போய்ச் சேருவான். ஒரு தடவைகூடத் தங்கவேல் அவனைப் பிடித்து நிறுத்தியதில்லை. இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. லாசர் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்தான். தங்கவேல் கச்சேரி ரோட்டுப் பாலத்தை ஒட்டி, கால்வாய்க் கரையில் விறகுத் தொட்டி வைத்திருந்தான்.

"தமாஷ் இல்ல நைனா," என்றாள் முத்தம்மா. விறகு வாங்க வந்த லாசரின் மனைவி மீன் கூடையைத் தரையில் இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா குந்தினு இருக்க சொல்லோ கை மட்டும் பீடி சுத்தறாப்பல ஆடிக்கினே கீது. வாசப்படியாண்ட வந்தா காலு தரையோட ஒட்டிக்கிது. பேசறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்க மாட்டேங்குது. கட்டுமரம் ஏறி எம்மா நாளாச்சி தெரியுமா? ரோட்டுல அப்படியே நின்னுட்டா, காலங்காத்தாலயே குடிச்சிட்டான்னு சனம் சிரிக்குது."

தங்கவேலின் சிரிப்பு நின்றுபோனது. அன்று சாயங்காலமே குப்பத்துக்குப் போனான்.

குடிசைக்குள் லாசர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் முன்னால் வளைந்திருந்தன. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பழைய எதிரியைப் பார்த்த கோபம் என்று தங்கவேல் நினைத்துக்கொண்டான்.

"இன்னாடா லாசரு, மூஞ்சிய ஏன் இப்படி உர்ருனு வச்சினு கீறே?"

லாசர் ஏதோ சொன்னான். காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நான் வைக்கலடா. மூஞ்சி இப்படி நின்னுபோச்சி. உன்னப் பாத்து உள்ள சிரிச்சினுதான் கீறேன்."

 தங்கவேல், நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன், டாக்டரிடம் போகலாம் என்று இரைந்து சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

லஸ் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் நிதானமானவர். லாசரின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். துருப்பிடித்த கீலைப் போல அது விட்டுவிட்டு அசைந்தது. அறைக்குள்ளேயே நடக்கச் சொல்லிப் பார்த்தார். லாசர் சின்னஞ்சிறு அடிகளாகத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். ஒரு கை வீசவே இல்லை, உடம்போடு ஒட்டித் தொங்கியது.

"நடுக்குவாதம். இப்பத்தான் ஆரம்பம்," என்றார். "நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கச் சொட்டு மருந்து தர்றேன். முழுசா குணமாக்குற மருந்து உலகத்துல எங்கேயும் இன்னும் வரலை. பொய் சொல்லக் கூடாது."

"அப்போ படுக்க வச்சி ரெஸ்டு குடுக்கலாங்களா?" என்று கேட்டான் தங்கவேல்.

"அதை மட்டும் செய்யாதீங்க! உட்கார உட்கார உடம்பு இறுகிப்போகும். நடக்கணும், குனியணும், கையை வீசணும், வாயைத் திறந்து கத்திப் பேசணும். ஆனா இவருக்குச் செய்யணும்னே தோணாது. இந்த நோய் ஆசையையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடும். யாராவது கூட நின்னு செய்ய வைக்கணும்."

"நான் கீறேன்!" என்றான் தங்கவேல். சொன்ன வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

திரும்பும்போது வண்டியில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும் காலத்து வெறி மறுபடி உடம்பில் ஏறிவிட்டது. விடிந்ததும் கடற்கரை, தொட்டி திறக்கும் வரைக்கும் பயிற்சி, ஒரு மாதத்தில் லாசரைப் பழைய லாசராக ஆக்கிக் காட்டுகிறேன் என்று வண்டிக்காரனிடம்கூடச் சொன்னான். பக்கத்தில் லாசர் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் தொடங்கிய பயிற்சி பயிற்சியாகவே இல்லை. தங்கவேல் முன்னால் நடந்துகொண்டே, "வேகமா! இன்னும் வேகமா!" என்று கத்துவான். அவன் கத்தக் கத்த லாசரின் அடிகள் இன்னும் சின்னதாகும், கடைசியில் கால் நின்றே போகும். "ஏண்டா, வேணும்னே செய்றியா?" என்று தங்கவேலுக்குக் கோபம் வரும். லாசரின் முகத்தில் ஒன்றும் தெரியாததால் கோபம் இன்னும் ஏறும். இப்படியே சில நாள் போயிற்று. ஒரு காலையில் லாசர் குடிசை வாசலிலேயே மாட்டிக்கொண்டு நின்றான். பொறுமை போன தங்கவேல் அவன் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். உடம்பு வந்தது, கால் வரவில்லை. லாசர் முகங்குப்புற விழுந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

முத்தம்மா ஓடிவந்து அவனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத் தங்கவேலின் பக்கம் திரும்பினாள்.

"என் ஊட்டுக்காரரு இன்னா உன் தொட்டி விறகா, இஸ்து இஸ்துப் போட? போய்யா வெளியே! இந்தப் பக்கம் காலு வச்சே, மீன் அரியற கத்தி பேசும்!"

தங்கவேல் தொட்டிக்குத் திரும்பி வந்தான். அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்கே தெரிந்தது. அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்தது, வியாபாரம் மந்தமாயிற்று. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தெருவையே வெறித்துக்கொண்டிருந்தான். யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிந்து விழுந்தான்.

மழை விட்ட ஒரு காலை. கச்சேரி ரோட்டின் சாந்தோம் பக்கமாக ஏதோ கூச்சல் கேட்டது. தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஜட்கா ஒன்று ஓரங்கட்டி நின்றது. வண்டிக்காரன் எழுந்து நின்று பார்த்தான். எடை போட்டுக்கொண்டிருந்த தங்கவேல் காதைத் தீட்டிக்கொண்டான்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு சடுகுடு..."

கரகரத்த குரல், ஆனால் ஓங்கிய குரல். தங்கவேலின் கையிலிருந்த விறகு நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது. வலி தெரியவில்லை. பாலத்தின் மேட்டில் முதலில் ஒரு தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு எட்டி எட்டி வைக்கும் இரண்டு கால்கள். லாசர்! கைகளை வீசிக்கொண்டு, கண்ணைத் தொட்டி வாசலில் குத்திட்டு, நடுரோட்டில் பாடிக்கொண்டு வந்தான். மூச்சு தீர்ந்த இடத்தில் சட்டென்று நின்றான். கால் ஒட்டிக்கொண்டது. தங்கவேல் ஓடப் போனவன், தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டான். லாசர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். மறுபடியும், "சடுகுடு சடுகுடு!" கால் கிளம்பிவிட்டது!

இறக்கத்தில் இறங்கினான். தொட்டியின் குறுகிய வாசலுக்குள் பாட்டோடேயே நுழைந்தான். விறகுக் குவியலைத் தொட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"அவுட்டு," என்றான், மூச்சு வாங்க.

தங்கவேல் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். "எப்படிடா? டேய், எப்படிடா வந்தே?"

"நீ வேகமா வேகமான்னு கத்தினே. அது என் காலுக்குப் புரியலடா. இன்னிக்கு வாசப்படில மாட்டிக்கினேன். உன்ன நெனச்சேன், ஆத்திரமா வந்துச்சி. அந்தாண்ட நீ தொடையத் தட்டினு நிக்கிறாப்பல நெனச்சினு பாட ஆரம்பிச்சேன். காலு தானா தூக்கினு போச்சி."

பின்னாலேயே ஓடிவந்த முத்தம்மா வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "வழியெல்லாம் பைத்தியம் பைத்தியம்னு பின்னாலயே கூட்டம் நைனா," என்றாள். "எனக்கு இன்னா வெக்கம்ன்றே? நானும் கூடவே கத்தினு வந்தேன்!"

அன்றிலிருந்து தங்கவேலின் வாயில் "வேகமா" என்ற சொல்லே வரவில்லை. அதற்குப் பதில் "பெரிசா" வந்தது. பெரிசா பாடு, பெரிசா கால் வை, கையைப் பெரிசா வீசு. ஈர மணலில் கழியால் குறுக்கே கோடுகள் கிழித்தான். வெறும் மணலில் தேய்ந்து தேய்ந்து போகும் கால், கோட்டைக் கண்டால் தாண்டியது. தாண்டும்போதெல்லாம் தங்கவேல் குதித்தான். நாற்காலி இல்லாத குப்பத்தில் கவிழ்த்துப்போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வைத்தான். லாசருக்கு மனசே இல்லாத நாட்கள் வந்தன. அப்போது தங்கவேல் குடிசைக்கு எதிரே நின்று தொடையைத் தட்டி, "மயிலாப்பூரு கெலிச்சிடுச்சி! சாந்தோம் ஆளுங்க பொம்பளையாட்டம் உள்ள பூந்துக்கினாங்க!" என்று ஊர் கேட்கக் கத்துவான். அடுத்த நிமிஷம் உள்ளிருந்து பாட்டுக் கிளம்பும். கூடவே முத்தம்மாவின் குரலும் கிளம்பும்: "பொம்பளைக்கி இன்னாய்யா கொறச்சல்? வா, நானே ஆடிக் காட்டறேன்!"

இதைக் கேள்விப்பட்ட டாக்டர் ஒரு நாள் தம் வண்டியிலேயே வந்து பார்த்தார். கைகட்டி நின்று முழுப் பயிற்சியையும் பார்த்துவிட்டு, "இன்னொருத்தரை அனுப்பலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தவர் கோதண்டபாணி ஐயங்கார். மயிலாப்பூரில் குடியிருந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க். குடையும் அங்கவஸ்திரமுமாக மணலில் வந்து நின்றவரின் இடது கை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"முதல்லே கையெழுத்துலேதான் தெரிஞ்சுது," என்றார். "எழுத ஆரம்பிச்சா எழுத்து சின்னதாயிண்டே போய், வரி முடியறதுக்குள்ளே எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடறது. ஆத்துல யாரோடயும் பேசப் பிடிக்கலை. டாக்டர் இங்கே போங்கோன்னார்."

தங்கவேல் தலையைச் சொறிந்தான். "சாமி, இது சடுகுடு. தொட்டு ஆடணும். இவன் மீன் புடிக்கிறவன், மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் வேற. நாளிக்கி உங்க ஊட்டுல..."

"ஆத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிக்கறேன், அது என் பாடு. நீர் ஆட்டத்தைச் சொல்லும்."

முதல் நாள் அவர் வாயிலிருந்து வந்த சடுகுடு, சன்னிதியில் மந்திரம் முணுமுணுப்பது போலிருந்தது. லாசருக்கு உள்ளே சிரிப்பு. வெளியே கொஞ்சம் வந்தும்விட்டது, உதட்டின் ஓரம் லேசாக ஏறியது. அதைப் பார்த்துவிட்டு ஐயங்கார் வீம்பாகக் கத்தினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படித்தான் சாமி!" என்று தங்கவேல் இரண்டு கையையும் தூக்கினான்.

அவர் வீட்டில் ரகளை நடந்தது. மகன் ஒரு நாள் காலையில் வந்து, தகப்பனார் லாசரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் உருளுவதைப் பார்த்து வெலவெலத்து நின்றான். ஐயங்கார் எழுந்தார், மணலைத் தட்டினார். "சித்தே இரு, இந்த ஆட்டம் முடியட்டும்," என்றார். யாரும் கைகொடுக்காமலே அவர் தரையிலிருந்து எழுந்ததை மகன் கவனித்தான். குடையைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருந்தான்.

பதிலுக்கு ஐயங்காரும் ஒரு பயிற்சி கொண்டுவந்தார். கழியை எடுத்து ஈர மணலில், ஒரு படகு நீளத்துக்கு 'அ' என்று எழுதினார். எழுதிய வழியிலேயே லாசர் நடக்க வேண்டும். வளைவில் திரும்புவதுதான் அவனுக்குக் கஷ்டம், உடம்பு பலகை மாதிரி ஒரே துண்டாகத் திரும்பும். "சுழிச்சுண்டு வாரும்! இன்னும் சுழியும்!" என்று ஐயங்கார் கூவுவார். இப்படியாக ஐயங்காரின் எழுத்து பெரிசாயிற்று, லாசரின் நடை வளையக் கற்றது. பொங்கல் கழிவதற்குள் லாசர் மணலில் 'லா' என்று தானே இழுத்துக் காட்டினான்.

மாசி மகம் வந்தது. சாமிகள் கடலாட வரும் நாள், கரை முழுக்கத் தலைகள். சாயங்காலம் ஆட்டம் வைத்திருந்தார்கள். வயதானவர்கள் ஆட்டம். மாம்பலத்துத் தணிகாசலம் தன் ஆட்களை வண்டி கட்டிக் கூட்டி வந்திருந்தான். அவனை எதிர்க்க, மயிலாப்பூரும் சாந்தோமும் முதல் முறையாக ஒரே கட்சியாகச் சேர்ந்தன. தங்கவேல்தான் தலைவன். லாசரும் ஐயங்காரும் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மாம்பலத்தார் முரட்டு ஆட்டம் ஆடினார்கள். தங்கவேலின் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பாதியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. மாற்று ஆள் இல்லை. அப்போது லாசர் எழுந்து வந்தான்.

"நான் எறங்கறேன்."

"வேணாண்டா. நடக்கறது வேற, இது வேற. தணிகாசலத்தப் பாத்தியா? எருமையாட்டம் கீறான்."

"அப்போ எதுக்குடா இத்தினி மாசம் என்னக் கத்த வச்சே? வாசப்படி தாண்டவா?"

"ஆமாண்டா! வாசப்படி தாண்டத்தான்!" என்று தங்கவேல் வெடித்தான். லாசர் குப்புற விழுந்த அந்த நாள் அவன் கண் முன்னால் வந்து நின்றது. இவ்வளவு கூட்டத்தின் நடுவே கால் ஒட்டிக்கொண்டால்? அதே சிரிப்பு, அதே 'குடிகாரன்' பேச்சு.

கூட்டத்திலிருந்து முத்தம்மா குரல் கொடுத்தாள். "வுடு நைனா, போவட்டும். வுழுந்தா மணலுதானே!"

தங்கவேல் ஒதுங்கி வழிவிட்டான்.

லாசர் கோட்டருகில் போய் நின்றான். வலது கை ஆடிக்கொண்டிருந்தது. மாம்பலத்தார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். லாசர் மூச்சை இழுத்தான்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

கோட்டைத் தாண்டிவிட்டான்! எட்டி எட்டி இரண்டு அடி வைத்து உள்ளே போனான். மாம்பலத்தார் சிரிப்பை விட்டுவிட்டுப் பின்வாங்கி அரைவட்டமாக நின்றார்கள். குப்பமே எழுந்துவிட்டது. தணிகாசலம் ஒரு பக்கம் பாய்வது போலப் போக்குக் காட்டினான். லாசர் அந்தப் பக்கம் திரும்பப் போனான். அந்தத் திருப்பத்தில் கால்கள் இரண்டும் மணலில் ஒட்டிக்கொண்டன.

பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. உடம்பு அசையவில்லை. மூன்று பக்கமும் எதிரிகள்.

தங்கவேல் கோடு வரைக்கும் ஓடிவந்து நின்றான். உள்ளே ஓடக் கூடாது, தொடக் கூடாது, இழுக்கவே கூடாது. அவனால் முடிந்தது ஒன்றுதான். "மூச்சு வுடாத, லாசரு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "மூச்சு வுடாத!"

"விடாதேயும்!" என்று பக்கத்தில் ஐயங்காரும் கத்தினார்.

மாம்பலத்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. பாடிக்கொண்டு வந்தவன் நடுவில் கல்லாக நின்று பாடுகிறான். எந்த ஊர் வித்தை இது? ஒருவரும் கிட்டே போகத் துணியவில்லை. இதற்குள் லாசரின் இடுப்பு மெல்ல அசைய ஆரம்பித்தது. இடது பக்கம் சாய்ந்தான், வலது பக்கம் சாய்ந்தான், மறுபடி இடது. அலைமேல் கட்டுமரத்தில் நின்றுகொண்டு எடையை மாற்றி மாற்றி வைப்பானே, அதே அசைவு. யாரும் சொல்லித்தரவில்லை. வலது பக்கம் சாய்ந்தபோது இடது கால் லேசாகி மணலை விட்டு எழும்பியது.

தணிகாசலம் இனியும் பொறுக்க முடியாமல் பாய்ந்தான். லாசரின் கை நீண்டது. தணிகாசலத்தின் தோளில் பட்டென்று விழுந்தது. தணிகாசலம் அவன் இடுப்பைக் கட்டினான், இன்னொருவன் காலைப் பிடித்தான். லாசர் எதிர்த்து இழுக்கவில்லை. பாடிக்கொண்டே, வெட்டிய மரம் போல, தன் முழு நீளத்துக்கும் கோட்டுப் பக்கம் சாய்ந்தான். விழுந்தான். நீட்டிய விரல்கள் கோட்டுக்கு அந்தப் பக்கத்து மணலில் புதைந்தன. அங்கே கிடந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி இன்னும் ஒரு 'சடுகுடு' சொல்லிவிட்டுத்தான் மூச்சை விட்டான்.

கரை அதிர்ந்தது. கடலாட வந்த சாமிக்கு அடித்த மேளத்தைக்கூட அந்தக் கூச்சல் அமுக்கிவிட்டது. முத்தம்மா மணலை அள்ளி அள்ளி வானத்தில் எறிந்தாள். ஐயங்காரின் அங்கவஸ்திரம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. தங்கவேல் ஓடிப்போய் லாசரின் பக்கத்தில் விழுந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

தணிகாசலம் மட்டும் சண்டைக்கு வந்தான். "அது இன்னா நடுவுல நின்னுகினு? அழுகுணி ஆட்டம்!"

"நான் எங்க நின்னேன்?" என்றான் லாசர். "காலு நின்னுச்சி."

ஒரு கணம் விழித்த தணிகாசலம், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆட்டத்தை மாம்பலம்தான் ஜெயித்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் விடிந்து வெகு நேரமாகியும் லாசர் கரைக்கு வரவில்லை.  அளவுக்கு மீறிப் போகவிட்டோமோ, நோய் முற்றிவிட்டதோ என்று தங்கவேல் குடிசைக்கு ஓடினான். ஐயங்கார் அவன் பின்னாலேயே வந்தார்.

லாசர் பாயில் மல்லாந்து கிடந்தான். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, நேற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"இன்னாடா, இன்னா பண்ணுது?"

"தொடை வலிக்கிது. இடுப்பு வலிக்கிது. தோளு புட்டுக்கினு போவுது," என்றான் லாசர். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குரலில் சொன்னான். "இது அந்த எழவு நோவு இல்லடா தங்கவேலு. எனக்குத் தெரியாதா? இது ஆட்டத்து வலி! எத்தினி வருசமாச்சி இது வந்து! சோக்கா கீதுடா!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். இந்தத் தடவை முகத்திலும் வந்தது.

"சோக்கா கீதுன்னா ஏன் படுத்திண்டிருக்கீர்?" என்றார் ஐயங்கார். "எழுந்திரும். எனக்கு நாழியாறது."

லாசர் கையை நீட்டினான். தங்கவேல் அதைப் பிடிக்கவில்லை. இரண்டடி பின்னால் தள்ளி நின்று தொடையைத் தட்டினான்.